ஓடிக்கொண்டிருந்த லொறியை யாரோ நிறுத்தினார்கள்: ஜிபிஎஸ் கருவியை எப்படிக் காப்பது?

பேத்தாழை மீன்லொறி எழுதியது

அனைவருக்கும் வணக்கம். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மீன் சந்தைக்கு மீன் ஏற்றும் இரண்டு லொறிகள் எங்களிடம் இருக்கின்றன. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு மூன்று வருடங்களாக நான்தான் கணக்கையும் லொறிகளையும் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. கணினி ஓரளவு தெரியும். நடந்தவற்றில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எனக்கு இன்னும் பிரித்தறியத் தெரியவில்லை. ஆகையால் எல்லாவற்றையும் எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை இரவு பதினொரு மணிக்கு எல்ஃப் லொறி புறப்பட்டது. அறக்குளா, சூரை, கொஞ்சம் பாரை. எல்லாம் ரெஜிபோம் பெட்டிகளில் ஐஸ் போட்டு அடுக்கியிருந்தோம். ஓட்டமாவடி, நாவலடி, ரிதிதென்னை எல்லாம் தாண்டி, புனாணைக்கும் வெலிகந்தைக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது. எங்கள் சாரதி அண்ணன் இருபது வருடமாக இந்தப் பாதையில் ஓடுகிறவர். "டீசல் போகாவிட்டால் எஞ்சின் இருமி இருமித்தான் நிற்கும், இது விளக்கை அணைத்ததுபோல நின்றது" என்றார். ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது, பிரேக்கை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருந்தது என்றார். எப்படியோ ஓரம் கட்டினார். அந்த இடம் உங்களில் பலருக்குத் தெரியும். வீடு இல்லை, கடை இல்லை. காட்டோரத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டது என்று உதவியாளராகப் போன பையன் பிறகு சொன்னான். யானை வருகிற இடத்தில், விளக்கையும் அணைக்க முடியாமல், பற்றரியையும் செலவழிக்க முடியாமல் இருவரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.

சாரதி அண்ணன் எனக்கு அழைப்பு எடுத்தபோது நேரம் 11.53. லொறி இருக்கும் இடத்தைக் காட்டவும், திருடு போனால் தூரத்திலிருந்தே எரிபொருளைத் துண்டிக்கவும் ஒரு ஜிபிஎஸ் கருவி பூட்டியிருக்கிறோம். நான் கைப்பேசியில் அதன் செயலியைத் திறந்தேன். லொறி நிற்கிற இடம் சரியாகத் தெரிந்தது. அதன் கீழே, நான் ஒருநாளும் கவனிக்காத ஓர் அடையாளம் சிவப்பாக இருந்தது: எரிபொருள் துண்டிக்கப்பட்டிருக்கிறது. நான் துண்டிக்கவில்லை. அந்தப் பொத்தானை வாங்கிய நாளில் ஒரு தடவை பரிசோதித்துப் பார்த்ததுதான். மீண்டும் இணைக்கும்படி அழுத்தினேன். மூன்றாவது தடவையில் பச்சையானது, எஞ்சினும் இயங்கியது. கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். லொறி வெலிகந்தையை நெருங்குவதற்குள் மறுபடியும் நின்றது. இந்தத் தடவை நான் எத்தனை முறை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரை உறக்கத்திலிருந்து எழுப்பி, அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, டாஷ்போர்டின் அடியிலிருந்த ரிலேயை (கருவியின் கட்டளைப்படி மின்சாரத்தை வெட்டுகிற சிறிய சுவிட்ச்) சாரதி அண்ணன் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு வயர்களையும் முறுக்கிக் கட்டினார். லொறி நகர்ந்தபோது அதிகாலை 2.15. பேலியகொடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வாங்குகிறவர்கள் பாதிப்பேர் போய்விட்டார்கள். நட்டம் ஒன்றரை இலட்சத்துக்கு மேல்.

கருவியைப் பூட்டிய கடையைக் கேட்டேன். "சிக்னல் பிழையாக இருக்கும்" என்றார்கள். இரண்டு தடவை வருமா அந்தப் பிழை? பிறகு அவர்கள் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கள் சாரதியைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள், மீனை வழியில் இறக்கிவிட்டு இப்படிக் கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்" என்றார்கள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அரை மணித்தியாலம் நானும் அவரைச் சந்தேகித்தேன். பெட்டிகளை எண்ணிக் கணக்கு அனுப்பும்படி கேட்டேன். ஒரு பெட்டிகூடக் குறையவில்லை.

என் கேள்விகள் இவை. அந்தக் கருவிக்குள் இருக்கும் சிம் இலக்கம் தெரிந்த எவரும் என் லொறியை நிறுத்த முடியுமா? என் லொறியின் குரல்வளை எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கருவியைக் கழற்றி எறிய விருப்பம், ஆனால் லீசிங் ஒப்பந்தத்தில் அது இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று: அடுத்த வருடம் ஒரு புதிய லொறி எடுக்க யோசிக்கிறோம். இப்போது வருபவற்றில் இணைய இணைப்பு உள்ளேயே இருக்கிறதாம். அது இதைவிடப் பாதுகாப்பானதா, இல்லை இன்னும் மோசமா?

கல்முனை வயரிங் எழுதியது

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தங்கச்சி. சாரதியும் பையனும் உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது. நான் இருபத்திரண்டு வருடமாக வாகன வயரிங் வேலை செய்கிறேன். கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர் பக்கம் நெல் லொறிகளுக்கும் பஸ்களுக்கும் இந்தக் கருவிகளை நிறையப் பூட்டியிருக்கிறேன். அதனால் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

பூட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் கடவுச்சொல்லை மாற்றுவதில்லை. பெட்டியில் வருகிற 123456 அப்படியே இருக்கும். வாடிக்கையாளர் மறந்துவிட்டு நள்ளிரவில் அழைப்பார், அப்போது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் காரணம். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். அது பிழை என்று விளங்கிய பிறகு பழைய வாடிக்கையாளர்களைத் தேடித் தேடி மாற்றிக் கொடுத்தேன், ஆனால் எல்லோரையும் பிடிக்க முடியவில்லை.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: ஆம், பல மலிவான கருவிகளில் முடியும். சிம் இலக்கமும் அந்த ஆறு இலக்கக் கடவுச்சொல்லும் தெரிந்தால் போதும், ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் ரிலே விழும். சிம் இலக்கம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாகப் பற்றுச்சீட்டிலும் கருவியின் மேல் ஒட்டிய தாளிலும் எழுதியிருக்கும். வேலையை விட்டுப் போன சாரதிக்கும் தெரியும், கடையில் வேலை செய்த பையன்களுக்கும் தெரியும்.

அதைவிடப் பெரிய பிழை வயர் வேலையில் இருக்கிறது. உங்கள் ரிலே எஞ்சினுக்கு டீசல் விடுகிற சொலினொயிட்டின் (மின்சாரத்தால் திறக்கிற அடைப்பான்) மின்சாரத்தையோ, இக்னிஷன் மின்சாரத்தையோ வெட்டியிருக்கிறது. அதனால்தான் ஓடும்போதே நின்றது. இதை, எஞ்சினை முதலில் சுழற்றி இயக்குகிற ஸ்டார்ட்டரின் வயரில் போட்டிருந்தால் கதை வேறு. யார் எந்தக் கட்டளை அனுப்பினாலும் ஓடுகிற எஞ்சின் நிற்காது. ஒருமுறை அணைத்த பிறகு மறுபடியும் இயக்க முடியாது, அவ்வளவுதான். திருடன் எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும்? சில கருவிகள் வேகம் 20 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்து வெட்டும். அதுவும் நல்லதுதான். ஆனால் கருவி சொல்வதை நம்புவதைவிட வயரை நம்புவது எனக்குப் பழக்கம்.

முறுக்கிக் கட்டிய அந்த வயர்களை அப்படியே விட வேண்டாம். சூட்டில் டேப் இளகி உராய்ந்தால் தீப்பிடிக்கும். லொறி 24 வோல்ட்டா, 12 வோல்ட்டா? பிடுங்கிய ரிலே கையில் இருந்தால் அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படம் போடுங்கள்.

அக்கரைப்பற்று ஸ்கூல்வான் எழுதியது

சகோதரிக்கு நடந்தது பெரிய அநியாயம். ஆனாலும் கருவியைக் கழற்றும்படி யாரும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் என் வானை வீட்டு வாசலிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். விடிவதற்கு முன் கண்டுபிடித்து, திருக்கோவில் தாண்டிப் பொத்துவில் போகிற பாதையில் நிற்கும்போது எரிபொருளை வெட்டினேன். ஓட்டியவர்கள் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அந்த ரிலே இல்லாவிட்டால் என் பிள்ளைகளின் படிப்பு அன்றோடு முடிந்திருக்கும்.

அதே வானில்தான் பதினான்கு பிள்ளைகளை ஏற்றுகிறேன். நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு நேற்று இரவு உறங்கவில்லை. என் கடவுச்சொல்லும் 123456தான். காலையில் மாற்றிவிட்டேன். கல்முனை நானா, ஸ்டார்ட்டர் வயரில் போட்டால் தள்ளி இயக்க முடியாதா?

கல்முனை வயரிங் எழுதியது

தள்ளி இயக்கலாம் தம்பி, மறைக்கவில்லை. கியர் வாகனத்தில் முடியும். ஆனால் நிரம்பிய லொறியைத் தள்ள பத்துப் பேர் வேண்டும், எங்கள் கரையோரப் பாதையில் உருட்டிவிட இறக்கமும் கிடையாது. வானைத் தள்ளுகிறவர்களை ஊர் பார்க்கும். பிள்ளைகள் இருக்கும்போது நடுவீதியில் நிற்பதற்கும் இதற்கும் நடுவில் எதைத் தேர்வு செய்வீர்கள்? நீங்கள் அன்று வான் நிற்கும்போதுதான் வெட்டினீர்கள் என்பதையும் யோசியுங்கள். ஸ்டார்ட்டர் வயரில் இருந்தாலும் அதே பலன்தான் கிடைத்திருக்கும்.

கல்லடியான் எழுதியது

வணக்கம் சகோதரி. சொந்த ஊர் கல்லடி, இப்போது ஜெர்மனியில் வாகனக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதிக்கிற வேலை. கல்முனை நானா சொன்ன ஸ்டார்ட்டர் யோசனையை முதலில் செய்யுங்கள். நான் சொல்லப்போகிற எதுவும் அதற்கு அடுத்ததுதான்.

உங்கள் லொறிக்கு மூன்று கதவுகள் இருக்கின்றன. முதலாவது, சிம்முக்கு வரும் குறுஞ்செய்தி. இரண்டாவது, நீங்கள் செயலியில் நுழைகிற கணக்கு. மூன்றாவது, உங்களுக்குக் கண்ணில் படாதது: கருவியை விற்றவரின் மேற்பார்வைக் கணக்கு. அவருடைய எல்லா வாடிக்கையாளர்களும் அதற்குள் இருப்பார்கள். இரண்டாவது தடவை நீங்கள் அழுத்தியும் இயங்கவில்லை என்றீர்களே, அதை வாசித்ததும் எனக்குத் தோன்றியது இந்த மூன்றாவது கதவுதான். மேலே இருக்கிறவர் உங்கள் கணக்கின் உரிமையையே குறைத்துவிடலாம். அதனால் கடையிடம் விளக்கம் கேட்காதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள். எந்தக் கட்டளை, எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கிலிருந்து போனது என்று சேவையகத்தில் பதிந்திருக்கும். பழைய பதிவுகளைச் சில நிறுவனங்கள் அழித்துவிடும், ஆகவே இன்றே எழுத்தில் கேளுங்கள்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2010இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் தவணைக்குக் கார் விற்கிற நிறுவனம் ஒன்று, பணம் கட்டாதவர்களின் கார் இயங்காமல் தடுக்க இப்படியொரு கருவியைப் பூட்டியிருந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் இன்னொரு ஊழியரின் கணக்கைப் பயன்படுத்தி நுழைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட கார்களை இயங்காமல் செய்தார். ஒழுங்காகப் பணம் கட்டியவர்களின் காரும் நின்றது. நள்ளிரவில் ஹோர்ன் நிற்காமல் அடித்ததால் சிலர் பற்றரியையே கழற்ற வேண்டியிருந்தது. அதில் கணினி வித்தை ஒன்றுமில்லை, ஒரு கடவுச்சொல் மட்டும்தான். 2019இல் ஐட்ராக், புரோட்ராக் என்ற இரண்டு வாகனக் கண்காணிப்புச் செயலிகளின் ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒருவர் திறந்தபோது அவருக்கு வழிவிட்டதும் நானா சொன்ன அதே 123456தான். 2022இல் பிட்சைட் என்ற பாதுகாப்பு நிறுவனம் மைகோடஸ் எம்வி720 என்ற கருவியில் ஆறு ஓட்டைகளை வெளியிட்டது. அவற்றில் ஒன்றின்படி, சில குறுஞ்செய்திக் கட்டளைகளுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. அதுவும் எரிபொருளை வெட்டக்கூடிய கருவி.

ஆகவே கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்த வேண்டாம். கருவி அனுமதித்தால் உங்கள் இலக்கத்தை மட்டும் ஏற்கும்படி செய்யுங்கள். ஆனால் அனுப்புகிறவரின் இலக்கத்தைப் போலியாகக் காட்ட முடியும் என்பதால் அது அரைப் பூட்டுத்தான். சிம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கடையின் பெயரில் அல்ல. அந்தச் சிம்முக்கு வெளியாரின் குறுஞ்செய்தியே வராமல், தரவு மட்டும் போகும்படி மறிக்க முடியுமா என்று தொலைபேசி நிறுவனத்தைக் கேளுங்கள். வாகனத்தைத் தொடாமல், வழியிலேயே அடைப்பது இது.

வழியிலேயே அடைப்பது சின்ன விடயமல்ல. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், செயின்ட் லூயிஸ் நகரில் வீட்டில் இருந்தபடியே, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியின் வேகத்தை இழக்கச் செய்தார்கள். நுழைந்தது பாட்டுக் கேட்கிற கருவியின் கைப்பேசி இணைப்பு வழியாக. 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காக மீளழைக்கப்பட்டன. ஆனால் அவை ஒவ்வொன்றும் திருத்தப்படும் வரை காத்திருக்காமல், அந்த வழியைத் தொலைபேசி வலையமைப்பிலேயே அடைத்தார்கள்.

பாட்டுக் கேட்கிற கருவிக்கும் எஞ்சினுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வாகனத்துக்குள் இருக்கும் சிறு கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கேன் என்ற வலையமைப்பு ஓடுகிறது, போஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்டது. அதை விளக்க எனக்கு எப்போதும் கரைவலை இழுத்து முடிந்த பிறகு கடற்கரையில் நடக்கிற ஏலம்தான் நினைவுக்கு வரும். ஒருவர் கூவினால் எல்லோருக்கும் கேட்கும். என்ன விலை என்பதைக் கேட்பார்களே தவிர, கூவியவர் யார் என்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேன் வயரிலும் அப்படித்தான். "கதவைத் திற", "எஞ்சினை இயக்கு" என்று செய்தி வரும்; அனுப்பியவர் யார் என்ற அடையாளம் அதில் இல்லை. அந்தக் காலத்தில் வாகனத்துக்குள் வெளியாள் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. 2022இல் லண்டனில் ஒரு டொயோட்டா ராவ்4 திருடப்பட்டது. முன்விளக்கின் பின்னாலிருந்த கேன் வயர்களைக் கள்வர்கள் வெளியே இழுத்து, புளூடூத் ஸ்பீக்கர் போலத் தோன்றும் பெட்டி ஒன்றை மாட்டி, சாவி உள்ளே இருப்பதுபோல் பொய்ச்செய்தி அனுப்பியிருக்கிறார்கள். வாகனத்தின் சொந்தக்காரர் வாகனப் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்ததால்தான் அந்த வழி வெளியே தெரிந்தது.

உங்கள் புதிய லொறிக் கேள்விக்கு இங்கேதான் பதில். நல்ல புதிய வாகனங்களில் வெளியுலகத்தோடு பேசுகிற பகுதிக்கும் எஞ்சின், பிரேக் பகுதிக்கும் நடுவில் ஒரு காவல் கணினி இருக்கிறது. தேவையான செய்தியை மட்டும் அது உள்ளே விடும். முக்கியமான செய்திகளோடு ஓர் இரகசியக் குறியீடும் தொடரெண்ணும் சேர்ந்து வரும், அதனால் பழைய செய்தியைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்பி ஏமாற்ற முடியாது. மென்பொருள் திருத்தங்கள் உற்பத்தியாளரின் கையொப்பம் இல்லாமல் ஏறாது. வாகனங்களின் கணினிப் பாதுகாப்புக்கான ஐக்கிய நாடுகளின் ஆர்155 என்ற விதி 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார், பஸ், லொறிகளுக்கு அது கட்டாயம். எங்களுக்கு இறக்குமதியாகிற வாகனம் எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து அந்தப் பாதுகாப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விற்கிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வாகனம் ஆர்155க்கு இணங்கியதா? மென்பொருள் திருத்தம் எத்தனை வருடத்துக்கு, இலங்கையில், கிடைக்கும்? இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் நின்ற இடம் என் மனதை விட்டுப் போகவில்லை. இங்கே ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் போன்ற சில கார்கள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுகின்றன. "முன்னால் ஒரு வாகனம் நின்றுபோயிருக்கிறது" என்று நின்ற வாகனமே பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லும். புனாணையில் இருட்டில் நின்ற உங்கள் லொறிக்கு அப்படியொரு வாய் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அதே வாயால் ஒருவன் பொய் சொன்னால், நெடுஞ்சாலையில் நூறு கார்கள் காரணமின்றிப் பிரேக் போடும். அதனால் ஒவ்வொரு செய்தியும் மின்னணுக் கையொப்பத்தோடுதான் போகிறது, கையொப்பம் சரியில்லாத செய்தியை மற்ற வாகனம் கணக்கெடுக்காது. அதே கையொப்பத்தை வைத்து ஒருவரை ஊர் ஊராகப் பின்தொடர்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சான்றிதழ்களை அடிக்கடி மாற்றுகிறார்கள். பாதுகாப்பையும் அந்தரங்கத்தையும் சேர்த்து யோசித்த வேலை அது. உங்கள் லொறியில் பூட்டிய கருவியைச் செய்தவர்கள் இதில் பத்தில் ஒரு பங்கு அக்கறை காட்டியிருந்தாலும் அந்த இரவு அப்படிப் போயிருக்காது.

கடைசியாக, பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது, அனுமதியின்றி நுழைவது அதன்படி குற்றம்.

ஆரையம்பதி லீஃப் எழுதியது

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப் வைத்திருக்கிறேன். திரை முழுக்க ஜப்பானிய எழுத்து, வரைபடத்திலும் ஜப்பான்தான். அதில் இணைய இணைப்பு இருந்தது என்கிறார்கள். பழைய சொந்தக்காரர் இன்னும் என் காரைப் பார்க்க முடியுமா?

கல்லடியான் எழுதியது

நல்ல கேள்வி அண்ணா. 2016இல் டிரோய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியப் பாதுகாப்பு நிபுணர் எழுதியது லீஃப் பற்றித்தான். காரின் அடையாள இலக்கம் மட்டும் தெரிந்தால், கடவுச்சொல் இல்லாமலே வேறொருவருடைய லீஃபின் குளிரூட்டியை இயக்கவும் பயண விவரத்தைப் பார்க்கவும் முடிந்தது. பல நாடுகளில் விற்ற கார்களில் அந்த இலக்கம் முன்கண்ணாடி வழியாகவே தெரியும். நிசான் அந்தச் சேவையை நிறுத்தி, பிறகு திருத்தியது. ஓட்டத்தையோ பிரேக்கையோ அதனால் தொட முடியவில்லை என்பது ஆறுதல்.

பழைய சொந்தக்காரர் பற்றிய பயமும் நியாயமானதுதான். தான் விற்றுவிட்ட காரை வருடக்கணக்காகத் தன் செயலியில் தொடர்ந்து பார்க்க முடிந்தது என்று ஐபிஎம்மில் வேலை செய்த சார்ள்ஸ் ஹென்டர்சன் 2017இல் சொல்லியிருக்கிறார். திரையின் அமைப்புகளில் எல்லாத் தரவையும் அழிக்கிற இடம் இருக்கும், ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரை வைத்து அதைச் செய்துவிடுங்கள். பற்றரி அளவு பார்க்க ஸ்டியரிங்கின் கீழிருக்கிற துளையில் (மெக்கானிக் பரிசோதனைக் கருவி மாட்டுகிற இடம்) புளூடூத் கருவி மாட்டியிருந்தால், பார்த்து முடிந்ததும் கழற்றுங்கள். அவற்றில் பலவற்றின் இரகசிய இலக்கம் 1234. அந்தத் துளை நேராகக் கேன் வயருக்குப் போகிறது. 2015இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வாளர்கள், அதே துளையில் மாட்டிய, காப்புறுதி நிறுவனம் தருகிற கருவி ஒன்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, மெதுவாக ஓடிய கொர்வெட் காரின் பிரேக்கைச் செயலிழக்க வைத்தார்கள்.

பேத்தாழை மீன்லொறி எழுதியது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நான்கு நாட்களாக இதே வேலையாக அலைந்தேன்.

கல்லடி அண்ணா சொன்னபடி விளக்கம் கேட்காமல் பதிவேட்டைக் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். முதலில் இல்லை என்றார்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைக் காட்டிய பிறகு, சேவையகத்தை நடத்துகிற நிறுவனத்திடமிருந்து இரண்டு பக்கத் தாள் வந்தது. என் லொறிக்கு மூன்று கணக்குகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. ஒன்று கடையுடையது. மூன்றாவது, கருவியைப் பூட்டிய நாளில் அங்கே வேலை செய்த ஒருவர் பரிசோதனைக்காகத் திறந்தது. அவர் அந்த வேலையை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது, கணக்கு மட்டும் போகவில்லை. 11.49க்கும் 12.52க்கும் கட்டளை போனது அந்தக் கணக்கிலிருந்து. அதன் கடவுச்சொல்லும் அந்த ஆறு இலக்கம்தான் என்று கடைக்காரர் ஒத்துக்கொண்டார். அவரே செய்தாரா, அவருடைய கணக்கை வேறு யாராவது திறந்தார்களா என்பதைப் பொலிஸார் பார்க்கட்டும், நான் யார்மீதும் விரல் நீட்டப் போவதில்லை. எனக்குத் தேவைப்பட்டது அந்தத் தாளில் இருக்கிறது: கட்டளை லொறிக்குள்ளிருந்து போகவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சாரதி அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெட்டிகளை எண்ணும்படி கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் குடித்து முடித்த பிறகு, "தங்கச்சி, ஒரு வேலை செய்யுங்கள். லொறி ஓடும்போது நீங்கள்கூட அதை நிறுத்த முடியாதபடி செய்து தாருங்கள்" என்றார்.

நான் இதுவரை யோசித்ததெல்லாம் அந்தப் பொத்தானை என் கையில் மட்டும் வைத்திருப்பது எப்படி என்றுதான். முதல் பதிவிலும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன், மேலே போய் வாசித்துப் பாருங்கள். அந்தப் பொத்தான் யார் கையில் இருந்தாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவருக்கு அது ஒன்றுதான் என்று அவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. என் கைப்பேசியை நானும் தொலைக்கலாம். என் தம்பியின் மகன் விளையாட்டாக அழுத்திவிடலாம்.

லீசிங் அலுவலகத்தில் கதைத்தேன். லொறி இருக்கும் இடம் தெரிய வேண்டும், பணம் கட்டாவிட்டால் மறுபடி இயக்க முடியாதபடி தடுக்க வேண்டும், அதுதான் தங்களுக்கு முக்கியம் என்றார் அந்த அதிகாரி. அப்படியென்றால் ஸ்டார்ட்டர் வயர் போதும். எழுத்தில் தரும்படி கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. புதிய சிம் என் பெயரில் எடுத்துவிட்டேன். அதற்கு வெளியாரின் குறுஞ்செய்தியை மறிக்க முடியும், ஆனால் நிறுவனக் கணக்காகப் பதிய வேண்டும் என்கிறார்கள், அதற்கும் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது கணக்கை நீக்கிய பின், நீக்கியதைக் காட்டும் ஸ்கிரீன்ஷொட்டை அனுப்பச் சொல்லி வாங்கினேன். கடையின் மேற்பார்வைக் கணக்கை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. அதனால்தான் நானா, வயர் வேலை அவசரம்.

லொறி 24 வோல்ட். பிடுங்கிய ரிலேயின் மேல் 12 என்று இருக்கிறது. அந்தக் கடை எங்கள் இரண்டாவது லொறிக்கும் இதையேதான் பூட்டியிருக்கிறது. இரண்டையும் கொண்டுவரலாமா?

கல்முனை வயரிங் எழுதியது

24 வோல்ட் லொறிக்கு 12 வோல்ட் ரிலேயா? அது இத்தனை நாள் எரியாமல் இருந்ததே ஆச்சரியம் தங்கச்சி. இரண்டாவது லொறியை அதுவரை ஓட்டவே வேண்டாம், முடிந்தால் இன்றே ரிலேயைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய இடத்தில் முறுக்கிக் கட்டாமல், கிரிம்ப் (வயர்களை இறுக்கிப் பிடிக்கிற உலோக இணைப்பு) போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

இரண்டையும் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை இருப்பதால் அரை நாள்தான் திறப்பேன், சனிக்கிழமை முழு நாளும் உங்களுக்கு ஒதுக்குகிறேன். சாரதி தம்பியும் கட்டாயம் வர வேண்டும். எந்த வயர் எங்கே போகிறது, அவசரத்தில் எதைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குக் கையில் பிடித்துக் காட்டித்தான் அனுப்புவேன். அக்கரைப்பற்றுத் தம்பி, உங்கள் வானையும் ஞாயிறு காலையில் கொண்டுவாருங்கள், பிள்ளைகளின் வான் என்பதால் கூலி வேண்டாம்.

பேத்தாழை மீன்லொறி எழுதியது

இரண்டாவது லொறியின் ரிலேயை இப்போதுதான் கழற்றினோம். அதிலும் 12தான், ஒரு பக்கம் கருகியிருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் கல்முனையில் இருப்போம் நானா. சாரதி அண்ணனும் வருகிறார்.